கம்பி பொரிகிற நாட்களில் செல்வாம்பாள்

செல்வாம்பாள் உள் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்த வெள்ளி நிறக் குழாய். அவள் புருஷன் சக்கரபாணியின் தொண்டையில் போட்ட துளையில் பெரிய குழாய் ஒன்று எப்போதும் இருக்கிறது. அதற்குள் செருகி எடுக்கிற குழாய் இது. காலையும் மாலையும் கழற்றிக் கழுவ வேண்டும். சளி காய்ந்து ஒட்டிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும். ஒல்லியான பிரஷ்ஷை ஒரு முனையில் விட்டு மறு முனையில் இழுத்தாள். கொதித்து ஆறிய தண்ணீரில் அலசினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஆனால் கிண்ணத்துத் தண்ணீரில் சிவப்பாக ஓர் இழை மிதந்தது.

மகன் அரிகிருஷ்ணன் கம்பெனி சட்டையோடு வாசல்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னிக்குமா?"

"ம்."

"நேத்து இல்லன்னியே."

"நேத்து இல்ல. இன்னிக்கு இருக்கு."

அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டான். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வரவில்லை. "வண்டி சொல்லிட்டேம்மா. நாளைக்குக் காலைல வந்துரும். வானூர்ப் பக்கம் அந்த ஹோம்ல ஒரு பெட் காலியாயிருக்காம். ராவும் பகலும் ஆள் இருக்கும். டாக்டரே சொன்னாரில்ல, வீட்ல முடியலன்னா அப்படி ஒரு எடத்துல விடுங்கன்னு."

"சரி."

அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். "சரின்னா?"

"சரின்னா சரிதான். டிபன் பாக்ஸ எடுத்துக்க. மோர் மொளகா தனியா வெச்சிருக்கேன், கொட்டிடாத."

அவன் போன பிறகு குழாயைப் பழைய இடத்தில் செருகி, தாழ்ப்பாள்போல் இருக்கும் சின்னக் காதைத் திருப்பிப் பூட்டினாள். கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். சக்கரபாணி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நாளைக்கு இவர் இங்கே இருக்க மாட்டார் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று வெளியார் நினைக்கிறார்கள். அழுகை முதல் சில மாதங்களோடு சரி. அப்புறம் அது நின்றுவிடும். கூடவே வேறு பலதும் நின்றுவிடும். கை மட்டும் நேரத்துக்கு வேலை செய்யும். செல்வாம்பாளுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

அவள் வானூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். சேதராப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சக்கரபாணி அங்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவளும் அட்டைப்பெட்டி ஒட்டுகிற கொட்டகையில் வேலைக்குப் போனாள். இரண்டு பேருமாகச் சேர்த்து ஊர் எல்லையில் ஒரு மனை வாங்கினார்கள். பக்கத்திலேயே பெரிய கரண்டு போகிற டவர் லைன் இருக்கிறது என்று மற்றவர்கள் வேண்டாம் என்ற மனை அது. சக்கரபாணி யோசிக்கவே இல்லை. "லைன் நம்ம தலைக்கு மேல போகல, பக்கத்துல போகுது. அதுக்குக் கீழ எவனும் வூடு கட்ட முடியாது. கடைசி வரைக்கும் நமக்குக் காத்து வரும்" என்றார். அது உண்மைதான். சித்திரை வெயிலிலும் அந்த வீட்டில் காற்று உண்டு.

காற்றோடு சத்தமும் உண்டு. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் லைன் இருப்பதே தெரியாது. காக்கா கத்துவது கேட்கும், கம்பி கேட்காது. ஈரம் ஏற ஏற அதற்கு வாய் வரும். கடல்காற்று ஈரமாகத் திரும்புகிற சாயங்காலங்களில் லேசாக முனகும். மாசக்கணக்கில் மழை இல்லாமல் முதல் தூறல் விழுகிற அன்று சகிக்காது. கம்பெனித் தூசியும் உப்புக் காற்றும் படிந்த, டவரில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் வட்டுகள் நனைந்து, கடுகு தாளிப்பதுபோல் வெடிக்கும். பெரிய மழை கொட்டும்போது மழைச் சத்தத்தில் அது அமுங்கிவிடும். மழை விட்ட பிறகுதான் மறுபடி ஆரம்பிக்கும். கம்பியின் அடியில் வரிசையாகத் தொங்கும் சொட்டுகளைக் காற்று உலர்த்தும்வரை விடாது. மார்கழி, தையில் பனி இறங்கினால் விடிவதற்கு முன்னால் தொடங்கி வெயில் ஏறும்வரை கொறகொறவென்று ஒரே இரைச்சல்.

அந்தத் தெருவில் அதற்கு ஒரு பேச்சு இருந்தது: கம்பி பொரியுது. கம்பி பொரிந்தால் துணி காயாது. பக்கத்து வீட்டுக் கமலா வறட்டி தட்ட மாட்டாள். செல்வாம்பாள் வடாம் பிழிய மாட்டாள். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மாதம் பயந்து மின்சார ஆபீஸுக்குப் போன் போடுவார்கள். அடுத்த மாதம் அவர்களுக்கும் பழகிவிடும். அப்புறம் யாராவது சொன்னால்தான், அட ஆமாம் என்று தலையைத் தூக்குவார்கள்.

போன மாசி மகத்துக்கு மறுநாள் சக்கரபாணி வேலையிடத்தில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, விழுங்குவது போயிற்று. மூக்கில் கஞ்சிக்குக் குழாய், தொண்டையில் மூச்சுக்குக் குழாய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும் முன் ஒரு நர்ஸ் செல்வாம்பாளைப் பக்கத்தில் நிற்க வைத்து சக்ஷன் மெஷினில் மெல்லிய டியூப் மாட்டி, அதைத் தொண்டைக் குழாய்க்குள் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். "நெஞ்சுல கொறகொறன்னு சத்தம் கேட்டா மட்டும் எடுங்கம்மா. சும்மா சும்மா உள்ள விடாதீங்க, புண்ணாயிடும்."

செல்வாம்பாள் அந்தச் சொல்லை விடவே இல்லை. சத்தம் கேட்டால் எடுப்பாள், கேட்காவிட்டால் தொட மாட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் உள்ளறைக் கதவில் நுழையவில்லை. உள்ளறையை ஒட்டித்தான் சமையலறை. மிளகாய் நெடி தொண்டைத் துளைக்கு ஆகாது என்ற யோசனையும் இருந்தது. அதனால் முன்பக்கத்து வராந்தாவுக்குச் சுவர் வைத்து, தகரக் கூரை போட்டு, ஜன்னல் வைத்து அறையாக்கினார்கள். கட்டிலின் தலைமாடு ஜன்னலடியில். காற்றுக்காக அந்த ஜன்னலைச் சாத்துவதில்லை.

அதன்பின் அவள் பிழைப்பு முழுக்கக் காதில்தான் நடந்தது. சோறு வடிக்கும்போதும், பின்பக்கம் துணி அலசும்போதும், கமலாவிடம் வேலியோரம் பேசும்போதும் ஒரு காது முன்னறையில் இருக்கும். சத்தம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். அவள் காதை மீறி அவர் மூச்சு ஒருநாளும் அடைத்ததில்லை. "ஒனக்குக் காதா இருக்கு, ஆண்டெனா இல்ல இருக்கு" என்பாள் கமலா.

போன கார்த்திகைக் கடைசியில்தான் ரத்தம் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த நாட்களில் ஒரு துளி வரவில்லை. டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, டியூப் அடிக்கடி உரசிப் புண்ணாகியிருக்கிறது என்றார். "எத்தனை தடவைம்மா எடுக்கறீங்க?" என்று கேட்டார். சத்தம் வரும்போது மட்டும்தான் என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சில நாள் சரியாக இருந்தது. பிறகு மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் வராத ரத்தம் வீட்டில் வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அரிகிருஷ்ணன் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவின் கையில்தான் கோளாறு. அவளும் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். வயசாயிற்று, கை கனத்துவிட்டது. அதனால்தான் வண்டி என்றதும் சரி என்றாள்.

அவருடைய இடது கை மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். மார்கழியில் அந்தக் கை பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது. டியூபைக் கிட்டே கொண்டுபோனால் தள்ளிவிடும். தொண்டைக் குழாயையே பிடுங்கிவிடுவாரோ என்று பயந்து, பழைய வேட்டியைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டில் கம்பியில் கட்டிவைத்தாள். இறுக்கமாக இல்லை. தோல் உரியாமல் பஞ்சு வைத்துத்தான் கட்டினாள்.

அரிகிருஷ்ணன் வண்டி சொன்ன அன்று மத்தியானம் பெர்னதெத் வந்தாள். நெல்லித்தோப்புக்காரி, கிறிஸ்தவப் பங்குக் கோயில் சார்பில் வீடு வீடாகப் போய் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். அவளுடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பழைய சிப்பாய், பாண்டிச்சேரிப் பேச்சில் சொல்தா. அவர் படுத்த படுக்கையாகி, கண்ணை மூடும்வரை அவள்தான் பார்த்தாள். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. தையில் மழை பெய்கிற அளவுக்குக் காலம் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"என்ன ஐயா, நாளைக்கு டூர் போறீங்களாமே? எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்றாள் சக்கரபாணியிடம். பிறகு செல்வாம்பாளிடம், "துணிமணி எடுத்து வையுங்கக்கா. நான் முதுகைப் பாத்துடறேன். புண்ணு இருக்குன்னு அங்க யாராச்சும் சொன்னா நமக்கு அசிங்கம்."

"புண்ணு கிடையாது சிஸ்டர். பாத்துக்கங்க."

இல்லைதான். முதுகும் இடுப்பும் குதிகாலும் மாவு தேய்த்ததுபோல் சுத்தமாக இருந்தன. பெர்னதெத் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். அவளிடம் அதுதான் பாராட்டு.

வேலியில் கமலாவின் தலை தெரிந்தது. "நாளைக்கு அண்ணன் போனப்புறம் இவளுக்கு வேலையே இருக்காது சிஸ்டர். எங்க மாட்டைக் குளிப்பாட்ட வரச்சொல்லியிருக்கேன்."

"ஒன் மாட்டுக்கு என் கை ஆகாது. ஒதைக்கும்" என்றாள் செல்வாம்பாள். கமலா சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செல்வாம்பாள் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

தூறல் நின்றது. தகரத்தில் தடதடப்பு ஓய்ந்தது. செல்வாம்பாள் மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். மெஷின் ஸ்விட்சைப் போட்டாள். கையுறையை மாட்டினாள். டியூப் பொட்டலத்தைக் கிழித்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தானாக நடந்தது.

"எதுக்குக்கா?" என்றாள் பெர்னதெத்.

"சளி கட்டியிருக்கு."

"இப்பத்தான பெரட்டிப் போட்டேன். இல்லையே."

"கேக்குதுல்ல சிஸ்டர். கொறகொறங்குது."

பெர்னதெத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மாறியது. எழுந்து வந்து மெஷினை நிறுத்தினாள். தன் உள்ளங்கையைச் சக்கரபாணியின் நெஞ்சின் மேல் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். ஒரு பக்கம், பிறகு மறு பக்கம்.

"கையுறையைக் கழட்டுங்க. கையை இங்க வையுங்க."

செல்வாம்பாள் வைத்தாள்.

"சளி இருந்தா கைக்குத் தெரியும். பூனை வயித்துல கை வெச்சாப்பல அதிரும். அதிருதா?"

நெஞ்சு ஏறி இறங்கியது. உலர்ந்து, லேசாக, சீராக. அதிர்வு ஒன்றுமில்லை. ஆனால் கொறகொற சத்தம் நிற்கவில்லை. அவர் தலைக்கு மேலிருந்து, தொண்டையிலிருந்து வருவதுபோலவே வந்துகொண்டிருந்தது.

பெர்னதெத் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. திறந்தாள். கூடியது.

"அக்கா, அது இவரில்ல" என்றாள். "வெளிய."

செல்வாம்பாள் வாசலுக்குப் போனாள். மேகம் கலைந்திருந்தது. டவரிலிருந்து டவருக்குத் தொங்கிய கம்பிகளின் அடியில் சொட்டுகள் மணி கோத்ததுபோல் நின்றன. கம்பி பொரிந்துகொண்டிருந்தது. இந்த மனைக்குக் குடிவந்த நாள் முதல் கேட்ட சத்தம்தான். அவர் விழுந்த பிறகு அது அவள் காதிலிருந்தே போயிருந்தது. வடாம் பிழிவதும் இல்லை, வானத்தைப் பார்ப்பதும் இல்லை. காது ஒன்றை மட்டும் தேடிக்கொண்டிருந்ததால், எங்கே கொறகொற என்று கேட்டாலும் கொண்டுபோய் அவர் நெஞ்சில் வைத்துவிட்டது. தலைமாட்டுக்கு மேலேயே ஜன்னல் இருந்தது வேறு அதற்கு வசதியாகப் போயிற்று.

கார்த்திகை மழை. மார்கழிப் பனி. சத்தம் நிற்கிறவரைக்கும் அவள் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எடுத்த பிறகும் சத்தம் வந்தால், சளி ஆழத்தில் இருக்கிறது என்று டியூபை இன்னும் உள்ளே விட்டிருக்கிறாள். அவர் கண்ணில் தண்ணீர் வரும். துடைத்துவிடுவாள். வெயில் ஏறியதும் சத்தம் அடங்கும். அப்பாடா, நெஞ்சு சுத்தமாயிற்று என்று நினைத்துக்கொள்வாள்.

உள்ளே வந்தாள். அழுகை வருமா என்று பெர்னதெத் பார்ப்பது தெரிந்தது. வரவில்லை. வர வேண்டிய இடத்தில் கட்டை மாதிரி ஏதோ இருந்தது. கட்டிலருகில் குனிந்து, மணிக்கட்டில் கட்டியிருந்த வேட்டிக் கிழிசலின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"எதுக்குக் கட்டினீங்க?"

"தள்ளிவிடுவாரு."

பெர்னதெத் கிழிசலின் மறு முனையைப் பிடித்துக்கொடுத்தாள். பிறகு, "எங்களுக்கும் கட்டத்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். "எதுக்குத் தள்றாங்கன்னு பாருன்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. பரவால்ல, கிழிசலைக் குப்பைல போடுங்க. இனிமே கைய வெச்சுப் பாக்காம டியூப் எடுக்கக்கூடாது. காதை நம்பாதீங்க."

"நாளைக்கு வண்டி வருதே."

"அது ஒங்க வீட்டுச் சமாச்சாரம். நான் சொன்னது இங்கயும் பொருந்தும், அங்கயும் பொருந்தும்." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "அங்க டவர் லைன் இருக்காது. அது ஒண்ணு. ஒரு ஆளே பத்துப் பேரைப் பாப்பாங்க. அது ஒண்ணு. ரெண்டையும் ஒங்க பையன்கிட்ட சொல்லுங்க."

சாயங்காலம் அரிகிருஷ்ணன் வந்து கைகால் கழுவியதும் செல்வாம்பாள் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கம்பிச் சத்தத்தைச் சளிச் சத்தம் என்று நினைத்து எடுத்திருக்கிறேன். அதனால்தான் ரத்தம்.

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப இத்தன நாளா..."

"ஆமா."

"சும்மாவா உள்ள விட்டிருக்க?"

"பாதி சும்மாதான்."

"எம்மா!" என்று கத்தினான். கத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். அவர் கண் இவன் பக்கம் திரும்பியிருந்தது. குரலை இறக்கிக்கொண்டான். "அப்ப வண்டி வரட்டும். இதுக்கு மேல என்ன இருக்கு? நான் சொன்னது சரிதான்."

"சரியாயிருக்கலாம்."

"நீ என்னதான் சொல்ற? போகணும்ங்கறியா, வேணாங்கறியா?"

செல்வாம்பாள் யோசித்துப் பார்த்தாள். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. இத்தனை மாதமாக அந்த மாதிரிக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல அரி. ஒண்ணுதான் தெரியும். அவரு கைய இத்தன நாளா கட்டி வெச்சிருந்தேன். இன்னிக்கு அவுத்துட்டேன். நாளைக்குக் காலைல பனி இறங்கும், கம்பி பொரியும். அப்ப நீ வந்து பக்கத்துல நில்லு. நான் தப்பா எடுத்தா, வண்டில ஏத்து. நானே கைத்தாங்கலாப் பிடிக்கறேன்."

"நான் நிக்கறதா? எனக்கு அந்த டியூபப் பாத்தாலே கொமட்டுது. ஒனக்குத் தெரியாது?"

"தெரியும். அதான் இத்தன மாசமா வாசப்படியிலயே நிக்கற. கொமட்டுனா கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்துட்டு வா. யாரு வேணாம்னது?"

அவனுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்து, எது முந்துவது என்று தெரியாமல் டீயைக் குடித்தான்.

மறுநாள் காலையில் எதிர்வீடு தெரியாத பனி. கம்பி போட்ட கூச்சலில் தகரக் கூரையே பேசுவதுபோல் இருந்தது. செல்வாம்பாள் எழுந்ததும் கால்கள் அவளை மெஷினிடம் கொண்டுபோயின. கை ஸ்விட்சுக்குப் போயிற்று. நிறுத்தினாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். உலர்ந்த மூச்சு. கையை எடுத்தாள். காது மட்டும், எடு எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முந்தானையைக் காது மூடத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அரிகிருஷ்ணன் பல் தேய்த்துவிட்டு வந்து தள்ளி நின்றான்.

"கிட்ட வா."

வந்தான்.

"கைய வை."

பாம்பைத் தொடுவதுபோல் வைத்தான். அப்பாவின் நெஞ்சு அவன் கைக்கடியில் ஏறி இறங்கியது. அவனுக்கு வேர்த்தது, கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது அவன் முகம் சுருங்கியது.

"எம்மா, ஏதோ அதிருது."

செல்வாம்பாள் தன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆமாம், அதிர்ந்தது. இது நிஜம். கையுறை மாட்டி, டியூபைக் கிட்டே கொண்டுபோனாள். சக்கரபாணியின் இடது கை மெத்தைமேல் கிடந்தது. அது எழவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெளியே கம்பி கத்துகிற கத்தலில் மெஷின் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. சளி ஒரே இழுப்பில் வந்தது. அதில் பழுப்பாக ஒரு நூல்.

"ரத்தம்" என்றான் அரிகிருஷ்ணன்.

"பழசு. புதுசுன்னா செவப்பா இருக்கும். ஆற நாளாகும்." மறுபடி கை வைத்தாள். அதிர்வு இல்லை. மெஷினை நிறுத்தினாள். சத்தம் அப்படியேதான் இருந்தது. டியூபைக் குப்பையில் போட்டாள்.

அவன் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கிரி மப்ளரோடு இறங்கி முதலில் மேலே பார்த்தார். "என்னாங்க இது, கரண்டுக்கு ஜன்னி கண்டாப்பல கத்துது! இதுக்குக் கீழ எப்படித் தூங்கறீங்க?"

அவர் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். "பெரியவர் இவருதானா? தம்பி, தலைப்பக்கம் நீ பிடி."

அரிகிருஷ்ணன் அம்மாவைப் பார்த்தான். அவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துக்க முடியுமா ஒன்னால?" என்று கேட்டான்.

"முந்தி மாதிரி முடியாது. முந்தி காதை வெச்சுட்டு நாலு வேலை பாத்தேன். இனிமே ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்து கை வைக்கணும். நீ காலைல இருந்தா முடியும். பனிக்காலம் போறவரைக்கும்."

அவன் ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் தள்ளிவைத்தான். பிறகு போனை எடுத்து வெளியே போனான். காலையில் வீட்டில் இருப்பதற்காகச் சூப்பர்வைசரிடம் இரண்டாம் ஷிப்டு கேட்பது உள்ளே காதில் விழுந்தது. ஒரு தடவை கெஞ்சினான், ஒரு தடவை குரலை உயர்த்தினான், மறுபடி கெஞ்சி வாங்கினான். அடுத்து ஹோமுக்குப் பேசினான். திரும்பி வந்து, "அண்ணே, அப்பா வரல" என்றான்.

"வரலியா? காலங்காத்தால இந்தப் பனில வந்திருக்கேன்."

"வந்தது வந்தீங்க, ஒரு கை பிடிங்க. இவரை உள்ளறைக்கு மாத்தணும். அங்க தளம் போட்டது, இந்தச் சத்தம் கம்மி. கட்டில் கதவுல நுழையாது, அதான் பிரச்சினை."

பக்கிரி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். "நுழையாதாம்ல. இது கழட்டற கட்டில் தம்பி. நாலு போல்ட்டு. வண்டில ஸ்பேனர் இருக்கு."

சக்கரபாணியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். தலைப்பக்கம் அரிகிருஷ்ணன் பிடித்தான். தொண்டைக் குழாய் இழுபடாமல் செல்வாம்பாள் கூடவே ஒரு கையால் தாங்கிக்கொண்டு நகர்ந்தாள். கட்டிலைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய்ப் பூட்டி, அவரைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் தலையணை கொடுத்தார்கள். பக்கிரி டீ குடித்தார். கம்பியை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இனி சமையல் நெடி அந்த அறைக்குப் போகக்கூடாது. செல்வாம்பாள் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்துக் கூரைக்கடியில் வைத்தாள். ரப்பர் குழாய் எட்டவில்லை. சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு போனாள். பனியில் தீப்பெட்டி நமுத்திருந்தது. குச்சிகளை வீணாக்கித்தான் பற்றவைக்க முடிந்தது. அரிசி களைந்து உலையில் போட்டாள். கொதி வருவதற்குள் உள்ளே போய் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.